மாதிரிச்செல்வியின் தாயார்

நடுமேடு என்ற ஊரை இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து ஆள்கின்றன. தார்ச்சாலைக்குத் தெற்கே பாகூர் கொம்யூன், அதாவது புதுச்சேரி. வடக்கே கடலூர் மாவட்டம், அதாவது தமிழ்நாடு. சாலை நடுவில் படுத்திருக்கும் நாய் எந்த அரசாங்கத்தைச் சேர்ந்தது என்று இதுவரை யாரும் முடிவு செய்யவில்லை. நாயும் மனுக் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் பெட்ரோலைத் தெற்கே போடுவார்கள், பெண்களுக்கான இலவச பஸ்ஸை வடக்கே பிடிப்பார்கள், பெண்ணை எந்தப் பக்கம் நல்ல மாப்பிள்ளை கிடைக்கிறானோ அந்தப் பக்கம் கொடுப்பார்கள். சாராயத்தை எந்தப் பக்கம் வாங்குவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை காலமாக இதனால் யாருக்கும் ஒரு சங்கடமும் வந்ததில்லை. சங்கடத்தைத் தீர்க்க ஒரு திட்டம் வந்தது; அதோடு சங்கடமும் வந்தது.

மஞ்சுளாவின் புகுந்த வீடு தெற்கே, பிறந்த வீடு வடக்கே. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோனால் சூடு ஆறாது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்கிற வழக்கப்படி அவள் சாலையைக் கடந்து போனாள். மகள் ஜெயசுதா வடக்கே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாள். குழந்தையோடு திரும்ப சாலையைக் கடந்து வந்தபோது, தான் ஒரு வெளிமாநிலத்தவளைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று மஞ்சுளாவுக்குத் தெரியாது.

அந்த ஜெயசுதா இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். கவுன்சிலிங்கில் புதுச்சேரி நர்சிங் கல்லூரி ஒன்றில் இடமும் ஒதுக்கிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் குடியிருப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். சான்றிதழ் வேண்டுமென்றால் அவளுடைய பிறப்பை வடக்கே இருப்பவர்கள் உறுதி செய்ய வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

அதற்கு ஊரில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஷரீப் பாயின் டீக்கடை தெற்கே. இடம் போதாமல் அவர் எல்லையை ஒட்டிப் போட்ட பெஞ்சு வடக்கே. செவ்வாய்க்கிழமை காலையில் தெற்கத்தி கிராம நிர்வாக அதிகாரி தமிழ்க்குமரனும் வடக்கத்தி அதிகாரி பக்கிரியும் அந்தப் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். டீ வருவதற்குள் இரண்டு பக்கத்துக் காகிதங்களும் கை மாறும், பஜ்ஜி தீர்வதற்குள் கையெழுத்தாகும். நடுமேட்டில் பாதிப் பேருடைய கல்யாணம், படிப்பு, பட்டா எல்லாம் அந்தப் பெஞ்சின் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி எடுத்ததுதான்.

மஞ்சுளாவும் ஒரு செவ்வாய்க்கிழமை காகிதத்தோடு போனாள். தமிழ்க்குமரன் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுப் பதறி எழுந்தார்.

"அய்யய்யோ, அத உள்ள வை மா. யாராவது பாத்துடப் போறாங்க."

"இன்னா சார், கஞ்சாவா கொண்டாந்தேன்?"

"அதுக்கு மேல. சர்க்குலர் வந்துட்டுது. எல்லையத் தாண்டி எந்தத் தரவும் இனிமே கையால போவக் கூடாது, கம்ப்யூட்டர்லதான் போவணும். 'தடையிலி'ன்னு திட்டம். நம்ம ஊருலதான் மொதமொதல்ல சோதிச்சுப் பாக்கறாங்க."

"போவணும்னா எங்க போவணும்? அவுரு தோ உங்க பக்கத்துலதான குந்தினு இருக்காரு!"

பக்கிரி டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "நா இப்ப ஆபீசரா இல்லம்மா. சும்மா டீ குடிக்கிறவனா இருக்கேன்."

"செரி, டீ குடிக்கிறவரே வாயால சொல்லுங்க. எம்பொண்ணு உங்க பக்கம் பொறந்தாளா இல்லியா?"

"வாயால சொன்னா தரவுக் கசிவு. மெமோ குடுத்துடுவாங்க."

ஜெயசுதா பிறந்த அன்று இதே கடையில் மஞ்சுளாவின் புருஷன் குழந்தைவேல் சர்க்கரை கொடுத்தபோது முதலில் கையை நீட்டியவர் இந்தப் பக்கிரிதான். மஞ்சுளாவுக்கு அது நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்தது என்பது அவர் நிமிராமலே இருந்ததில் தெரிந்தது.

தடையிலித் திட்டத்தின் தொடக்க விழாவுக்குச் சாலையின் குறுக்கே பந்தல் போட்டார்கள். தடையில்லாப் போக்குவரத்தைத் தொடங்கி வைப்பதற்காகச் சாலையை அடைத்தார்கள். இரண்டு மாநில பஸ்களும் வெயிலில் நின்றன. எல்லைகடந்த தரவுப் பரிமாற்ற இயக்ககத்தின் இயக்குநர் புகழ்வேந்தன் மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, எதிரே இருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே பார்க்கிற பார்வை.

"பெரியோர்களே, தாய்மார்களே! இதுவரை இந்தச் சாலையை ஒரு தாள் கடக்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது? பதிவு இருக்கிறதா? கண்காணிப்பு இருக்கிறதா? இல்லை! இனி உங்கள் தரவு புதுச்சேரி போகும். அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கடலூர். பிறகு எதிர்த்த வீட்டுக்கு வரும். வழியில் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள், எண்ணிப் பாருங்கள். இதைத்தான் தனியுரிமை என்கிறோம்."

இயக்ககத்து ஆட்கள் கை தட்டினார்கள். கூட்டமும் மரியாதைக்குத் தட்டியது.

"இதற்காக நானே நேரில் நான்கு வெளிநாடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே ஆபீசில் வரிசையே கிடையாது. ஏன்? அங்கே ஜனங்களே குறைவு! நம் நாட்டில் எந்தத் திட்டத்துக்கும் பெரிய இடைஞ்சல் ஜனங்கள்தான். ஆகவே முதல் கட்டத்தை, எந்தக் குளறுபடியும் வராமல், ஜனங்கள் இல்லாமலே செய்து முடிக்கப் போகிறோம்."

இந்த வாக்கியத்தை அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை. மஞ்சுளாவும் வாங்கவில்லை. ஏனென்றால் நவீன்குமார் என்கிற இன்ஜினியர் அப்போது அவள் பக்கத்தில் வந்து குனிந்து, "உங்க பொண்ணோட விவரத்தை வெச்சுதாம்மா டெஸ்ட் பண்றோம். மொத சர்டிபிகேட் உங்களுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

நவீன்குமார் தெற்கே பொத்தானை அழுத்தினான். தரவு கிளம்பியது. டெல்லிக்கும் சென்னைக்கும் அது நொடியில் போய் வந்தது. கடைசிச் சாலையைக் கடக்கத்தான் முடியவில்லை. வடக்கே பக்கிரியின் கையில் இருந்த டேப்லெட்டில் சிக்னல் இல்லை. அவரை நாலடி தெற்கே வரச் சொன்னார்கள். சிக்னல் வந்தது, கூடவே சிவப்பு எழுத்தும் வந்தது: 'தாங்கள் தங்கள் அதிகார எல்லைக்குள் இல்லை.' திரும்ப வடக்கே போனார். எல்லைக்குள் இருந்தார், சிக்னல் இல்லை. இப்படி அந்த மனிதர் போவதும் வருவதுமாக இருந்தார். செருப்பு வார் அறுந்து போனது.

கடைசியில் ஷரீப் பாயின் பெஞ்சுதான் கை கொடுத்தது. பக்கிரியை அதில் வடக்குப் பார்க்க உட்கார வைத்து, டேப்லெட் உள்ள கையை மட்டும் பின்பக்கமாகத் தெற்கே நீட்டச் சொன்னார்கள். உடம்பு தமிழ்நாட்டில், கை புதுச்சேரியில். அரைமணி நேரம் அப்படியே இருந்தார். கூட்டத்தில் யாரோ அந்தக் கையில் ஒரு ரூபாய் போட்டுவிட்டுப் போனான். புகழ்வேந்தன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. "குறித்துக்கொள்ளுங்கள், இது நீட்டிய கை நெறிமுறை" என்று உதவியாளரிடம் சொன்னார். அன்று சாயங்காலமே பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி, 'உட்கட்டமைப்பு, அமரக் கூடாது' என்று பலகை தொங்கவிட்டார்கள்.

"அப்ப டீ குடிக்க வர்றவன் இன்னா என் தலைமேலயா குந்துவான்?" என்று ஷரீப் பாய் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஆனால் பெரிய திரையில் பச்சை விழுந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுத்து ஓடியது, பட்டாசு வெடித்தது. மஞ்சுளா திரையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெயர்: மாதிரிச்செல்வி. தந்தை: குழந்தைவேல். தாய்: மஞ்சுளா. பிறந்த தேதி, ஊர், வீட்டுக் கதவு எண், படித்த பள்ளிக்கூடம், கவுன்சிலிங் விண்ணப்ப எண், எல்லாம் ஜெயசுதாவுடையது.

"தம்பி, யாரு இது மாதிரிச்செல்வி? நா எப்ப இவளப் பெத்தேன்?"

நவீன்குமார் சிரித்தான். "அது டம்மிம்மா. டெஸ்ட்ல நெஜ ஆளோட தரவைப் போடக் கூடாதுன்னு ரூல். அதனால பேரை மாத்திட்டேன்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததையும் மாத்திட்டா டெஸ்ட் நம்பற மாதிரி இருக்காது இல்ல? கவலப்படாதீங்க, உங்க பொண்ணோடது பின்னாலயே வருது."

வரவில்லை. வந்தது ஒரு குறுஞ்செய்தி: 'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: இரட்டைப் பதிவு.'

மகளை இழுத்துக்கொண்டு மஞ்சுளா புதுச்சேரியில் இயக்ககத்துக்கு ஓடினாள். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் 'மக்களே மையம்' என்று பித்தளை எழுத்து. மக்கள் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. நவீன்குமார் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தான்.

"சிஸ்டம் கரெக்டாதாம்மா சொல்லுது. இதே விவரத்தோட ஏற்கெனவே ஒருத்தங்களுக்கு சான்றிதழ் குடுத்தாச்சு. உங்க பொண்ணு ரெண்டாவதா வர்றாங்க. அதனால இவங்கதான் டூப்ளிகேட்."

ஜெயசுதா தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த டம்மிய அழிச்சிடு தம்பி."

"முடியாதும்மா. சான்றிதழ் தானாவே காலேஜுக்குப் போயிடுச்சு. நடுவுல யாரும் நிறுத்த முடியாது, தடையிலின்னா அதானே? விண்ணப்ப எண் ஒண்ணுங்கறதால சீட்டும் மாதிரிச்செல்வி பேருக்கு மாறிடுச்சு."

"அந்தப் பேர எம்பொண்ணு பேரா திருத்து!"

"திருத்தம் ரெண்டாங் கட்டத்துலதான் வருது. மொதல் கட்டத்துல தப்பே வராதுன்னு டெல்லிக்கு எழுதிக் குடுத்துட்டோம். இப்பத் திருத்தினா தப்பு நடந்ததா ஆயிடும்."

"இல்லாதவளுக்கு சீட்டக் குடுத்துட்டு இருக்கறவள இல்லன்றியே, உனுக்கே நல்லா கீதா இது?"

அவனுக்கும் நன்றாக இல்லை போலிருக்கிறது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தர் இல்லவே இல்லைன்னு சான்றிதழ் குடுக்க எங்ககிட்ட சேவை கெடையாது. செத்துட்டாங்கன்னா குடுக்கலாம். நீங்க ரெக்கார்டுல அம்மா. மாதிரிச்செல்வி எறந்துட்டாங்கன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா அந்தப் பதிவு போயிடும். சீட்டு என்னவோ அடுத்த பொண்ணுக்குப் போயிடும், ஆனா உங்க பொண்ணு டூப்ளிகேட் இல்லன்னு ஆயிடும்."

மஞ்சுளாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. ஜெயசுதா பிறந்த தேதியில் பிறந்த, ஜெயசுதாவின் வீட்டில் வளர்ந்த ஒரு பெண், தன் வயிற்றில் பிறந்ததாக எழுதியிருக்கிற ஒரு பெண், செத்துவிட்டாள் என்று தன் கையால் எழுதுவதா? பொய்யான பெண்ணாகவே இருக்கட்டும். எந்தத் தாய்க்கு அந்தப் பேனாவைத் தொட மனசு வரும்?

"உங்கம்மாகிட்ட போய் கேளுடா இத" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவு அதிர வெளியே வந்தாள்.

அடுத்தது யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் திரிந்துகொண்டிருந்தபோதே நடுமேட்டில் வெற்றி விழாவுக்குப் பந்தல் ஏறிவிட்டது. முதல் கட்டம் முடிந்ததாம். குறைகள் ஏதும் இல்லையாம். போலீஸ் இன்ஸ்பெக்டர், இரண்டு பக்கத்து அதிகாரிகள், காமிராக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பக்கிரி தோள்பட்டையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஓரமாக நின்றார். கயிறு கட்டிய பெஞ்சுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

"இந்தத் திட்டத்தின் முதல் பயனாளி மாதிரிச்செல்வி!" என்று முழங்கினார் புகழ்வேந்தன். "விண்ணப்பித்த அன்றே சான்றிதழ். லஞ்சம் கொடுக்கவில்லை. யாரிடமும் கெஞ்சவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு புகார் சொல்லவில்லை. இப்படிப்பட்ட குடிமக்களைத்தான் அரசாங்கம் எதிர்பார்க்கிறது! அவர் வர இயலாத காரணத்தால் அவருடைய தாயார் மேடைக்கு வந்து சான்றிதழைப் பெற்றுக்கொள்வார்."

மஞ்சுளா மேடை ஏறினாள். பொன்னாடையைப் போர்த்த வந்தவரை விலக்கிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"எம்பொண்ணு மாதிரிச்செல்வியக் காணும். உங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன். இந்த சாருதான் அவளக் கடசியா பாத்தவரு. சான்றிதழ் குடுத்திருக்காரு, காலேஜுல சீட்டு வாங்கிக் குடுத்திருக்காரு, ஆனா பெத்த எங்கண்ணுல காட்டல. இன்ஸ்பெக்டர் சார், கம்ப்ளைண்டு எழுதிக்கோங்க. ஒண்ணு, அவளக் கொண்டாந்து எங்கையில குடுக்கச் சொல்லுங்க. இல்ல, அப்பிடி ஒருத்தி இல்லவே இல்லன்னு இந்த மைக்குல சொல்லச் சொல்லுங்க!"

முதலில் ஷரீப் பாய் தட்டினார். பிறகு ஊரே தட்டியது. அது மரியாதைக்குத் தட்டிய தட்டல் இல்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பெண் காணாமல் போனது சாலைக்கு எந்தப் பக்கம் என்பது அவருடைய கவலை.

புகழ்வேந்தன் பதறவில்லை. இத்தனை பெரிய பதவிக்கு வருகிறவர்கள் பதறுவதில்லை. மஞ்சுளாவை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய், மிகவும் கனிவாகப் பேசினார்.

"அம்மா, எதற்கு இவ்வளவு கோபம்? பதிவைத் திருத்துவது கடினம். ஆளைத் திருத்துவது சுலபம். பெயர் மாற்றம் எங்களிடம் அருமையாக வேலை செய்கிற சேவை. உங்கள் மகள் மாதிரிச்செல்வி என்று பெயரை மாற்றிக்கொள்ளட்டும். சான்றிதழ் தயார், சீட் தயார். இரட்டைப் பதிவும் இல்லை, காணாமல் போனவரும் இல்லை. என் அறிக்கையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் பாருங்கள்!"

"ஜெயசுதான்றது எம்மாமியாரு பேருய்யா, நாங்க பாத்துப் பாத்து வெச்சது! உங்க அறிக்கைக்காவ எம்பொண்ணு பேர அழிக்கணுமா? உன் பேர மாத்திக்கோ போ!"

ஜெயசுதா பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அன்றைக்கு மாதக் கடைசி என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"குடுங்க சார், கையெழுத்துப் போடறேன்" என்றாள். "விடும்மா. ஊசி போடும்போது எவன் பேரு கேக்கப் போறான்?"

அவள் போட்ட கையெழுத்தைப் பார்க்க மாட்டாமல் மஞ்சுளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெயர் மாற்றம் அன்றே முடிந்தது. அதற்கு எந்த எல்லையையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

பிறகு புகழ்வேந்தன் ஏதோ ஒரு வெளிநாட்டு மாநாட்டில் பேசியதாகப் பேப்பரில் படத்தோடு வந்தது. "மற்ற நாடுகள் மக்களுக்கு ஏற்றபடி தரவை உருவாக்குகின்றன. நாங்கள் ஒரு படி மேலே போய்விட்டோம்" என்று சொன்னாராம். ஷரீப் பாய் அந்தப் பக்கத்தில்தான் வடை மடித்துக் கொடுத்தார். ஜனங்கள் நின்றுகொண்டே தின்றார்கள், பெஞ்சில் இன்னும் கயிறு இருக்கிறது.

கல்லூரி திறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, மஞ்சுளா முறுக்கும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்குப் போனாள். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"ஜெயசுதா. நடுமேடு."

அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். "அந்தப் பேருல ஆளே இல்லியேம்மா. நடுமேட்டுல இருந்து மாதிரிச்செல்வின்னு ஒரு பொண்ணு இருக்குது. அதுவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், கதவு திறந்துவிடும். மஞ்சுளாவால் முடியவில்லை.

"அவ எம்பொண்ணு இல்ல."

"அப்ப உள்ள வுட முடியாதும்மா."

அவள் பையைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கரும்புக் கொல்லையில் மோட்டார் ஓடும்போது அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில், "ஜெயசுதா!" என்று கத்தினாள். வாட்ச்மேன் எழுந்துவிட்டார். மாடியில் ஜன்னல்கள் திறந்தன, தெரியாத பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சுளா இன்னொரு தடவை, இன்னும் பலமாகக் கத்தினாள்.

ஒரு பெண் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடி வந்தாள். வாட்ச்மேன் அவள் கழுத்தில் ஆடிய அட்டையைப் பிடித்துப் படித்துவிட்டு மஞ்சுளாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல மாதிரிச்செல்வின்னு இல்ல போட்டிருக்குது?"

"அட்டையில இருக்கறது கவர்மெண்டு பெத்த பொண்ணுய்யா. கூப்ட்டா ஓடியார்றது எம்பொண்ணு. கதவத் தொற."

அவர் திறந்தார். மகள் அழுகையும் சிரிப்புமாக, "மெதுவாக் கூப்புடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"பாக்கட்டும்" என்றாள் மஞ்சுளா. "வாராவாரம் வந்து இப்பிடித்தான் கூப்புடுவேன்."